படியில் பக்கவாட்டில் இறங்கியவளுக்கு

கோயம்புத்தூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மிணிக்கு,

நேற்று அப்பாருவின் திதிக்கு வந்திருந்தபோது, மாடியிலிருந்து இலைக்கட்டை எடுத்துக்கொண்டு நீ இறங்கி வந்ததைப் பார்த்தேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி இறங்கினாய். கூடத்தில் ஆட்கள் உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டதும் கடைசி மூன்று படியை மட்டும் நேராக, விறுவிறுவென்று இறங்கினாய். அந்த மூன்று படிதான் என்னை இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுத வைக்கிறது.

பந்தி முடிந்த பிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உன்னை உட்கார வைத்து, முழங்காலுக்குக் கீழே உள்பக்க எலும்பின் ஓரமாகக் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வந்தேன். பாதி தூரம் வரை சும்மா இருந்தாய். அதற்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு, விரல் நகர நகர உன் உதடு உள்ளே போய்க்கொண்டே இருந்தது. "வலிக்குதா கண்ணு?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லீங் அத்தை, கோச் எல்லாத்துக்கும் இப்பிடித்தான்னு சொன்னாருங்" என்று காலை இழுத்துக்கொண்டாய். இரண்டு காலிலும் அதே இடம், அதே நீளம்.

போனில் சொன்னால் "சரிங் அத்தை" என்று வைத்துவிடுவாய். கடிதமென்றால் திரும்ப எடுத்துப் படிக்கலாம். உன் வயதுப் பிள்ளைகளின் கால்களை 20 வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் பிசியோதெரபிஸ்டாகவும் எழுதுகிறேன், உன் அத்தையாகவும் எழுதுகிறேன்.

உனக்கு இருப்பதற்குப் பெயர் ஷின் ஸ்பிளின்ட். மருத்துவப் புத்தகத்தில் வேறு நீளமான பெயர் உண்டு, அது உனக்கு வேண்டாம். பாதத்தையும் விரல்களையும் இழுத்துப் பிடிக்கும் சதைகள் கால் எலும்பின் உள்பக்க ஓரத்தை ஒட்டித்தான் இருக்கின்றன. நீ ஓடி வந்து, ரவுண்டாஃப் போட்டு, பேக் ஹேண்ட்ஸ்பிரிங் முடித்து மேட்டில் இறங்கும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சதை எலும்பின் மேல்தோலைப் பிடித்து இழுக்கிறது. எலும்பும் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து நிமிர்கிறது. பெரிய தாவல்களில் இறங்கும்போது காலில் விழும் பாரம் உடம்பு எடையைப் போல எட்டு, பத்து மடங்கு வரை போகும் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். ஓட்டக்காரர்களுக்காவது ஷூ இருக்கிறது. உங்கள் ஆட்டத்தில் வெறுங்கால்தான். அதிலும் நீ பழகும் ஹாலில் சிமென்ட் தரைமேல் ஒற்றை மேட்.

எலும்பு அந்தப் பாரத்துக்குத் தன்னைத் தயார் செய்துகொள்ளும், அதுதான் எலும்பின் அழகு. ஆனால் அது வேலை செய்யும் முறை கொஞ்சம் விசித்திரம். புதுப் பாரம் விழுந்ததும், களைத்த பகுதியை முதலில் அரித்து எடுக்கும். அதற்கென்றே ஒரு வகை அணுக்கள் இருக்கின்றன. அப்புறம்தான் இன்னொரு வகை அணுக்கள் வந்து அந்த இடத்தைப் புதிதாகக் கட்டும். வீட்டில் பழைய சுவரைப் பெயர்த்துவிட்டுப் பூசுவது போலத்தான். ஒரு சுற்று முடிய மூன்று, நான்கு மாதம் ஆகும். பெயர்த்த பிறகும் பூசுவதற்கு முன்பும் இருக்கும் அந்த இடைவெளியில், எலும்பு முன்பிருந்ததைவிடப் பலவீனமாக இருக்கிறது. சதை அப்படியில்லை, சில வாரங்களிலேயே பலம் ஏறிவிடும். ஆக உன் தொடையும் இடுப்பும் "நாங்கள் தயார்" என்று சொல்லும் நேரத்தில் எலும்பு இன்னும் பாதி வேலையில் நிற்கிறது. ராணுவப் பயிற்சிக்குச் சேரும் வாலிபர்களுக்குச் சேர்ந்த முதல் சில வாரங்களிலேயே இந்த வலி வருவது இதனால்தான். பள்ளிப் போட்டிக்குப் பேர் கொடுத்த பிறகு, வாரத்துக்கு மூன்று நாள் இருந்த பயிற்சி ஆறு நாளானது என்று நீயே சொன்னாய். வலி தொடங்கியது அதற்குப் பிறகு நாலாவது வாரம். நீ ஏதோ தப்பாகச் செய்ததால் வந்ததில்லை, பாரம் சட்டென்று கூடியதால் வந்தது.

உன் அப்பாருவின் பட்டறை உனக்கு ஞாபகம் இருக்காது. நீ பிறப்பதற்கு முன்பே அந்த இடத்தில் தையல் மெஷின்கள் வந்துவிட்டன. எங்கள் சின்ன வயதில் அனுப்பர்பாளையத்தில் பொழுது விடிவதே சுத்தியல் சத்தத்தில்தான். பொங்கல் நெருங்கும்போது பித்தளைப் பானை ஆர்டர் வந்து குவியும், ராத்திரியும் விளக்குப் போட்டு அடிப்பார்கள். பித்தளைக்கு ஒரு குணம் உண்டு கண்ணு. அடிக்க அடிக்க இறுகும். இறுகினதைத் திரும்பத் திரும்ப அடித்தால் கீறும். அதனால் அப்பாரு கொஞ்ச நேரம் அடிப்பார், பிறகு பாத்திரத்தைத் தீயில் வைத்து மங்கலான சிவப்பு வரும்வரை காய்ச்சுவார், எடுத்து ஆறவிடுவார், ஆறினதும் மறுபடி அடிப்பார். ஒரு வருடம் பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது, பட்டறையில் இருந்த ஒரு அண்ணன் அவசரத்தில் ஒரு தடவை காய்ச்சுவதை விட்டுவிட்டு அடித்துக்கொண்டே போனார். கழுத்துவரை அருமையாக வந்த பானை. விளிம்பை மடக்கும்போது 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். அப்பாரு தலையைத் தூக்கிப் பார்த்தார். நகக்கீறல் போல ஒரு கோடு, விளிம்பிலிருந்து அரை விரல் நீளம். அந்தப் பானையை யாரும் திட்டவில்லை, எடைக்குப் போட எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்கள்.

அந்தச் சத்தத்தை நான் என் காலில் கேட்டிருக்கிறேன். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

பிளஸ் ஒன் படிக்கும்போது நான் 1,500 மீட்டர் ஓடினேன். காலையில் ஐந்து மணிக்கு அவிநாசி ரோட்டில் தார் மேல் ஓட்டம். முதலில் உன்னைப் போலத்தான், இரண்டு காலிலும் ஒரு சாண் நீளத்துக்கு இழுக்கும் வலி. ஓடத் தொடங்கும்போது இருக்கும், உடம்பு சூடானால் மறையும், முடித்த பிறகு திரும்ப வரும். கோச்சிடம் சொன்னேன், ஓட ஓடச் சரியாகும் என்றார். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடினேன். ஒரு மாதத்தில் இடது காலில் வலி சுருங்கி ஒரே இடத்துக்கு வந்தது, ஒரு ரூபாய்க் காசு வைத்தால் மறைந்துவிடும் அளவு. வலி குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். உண்மையில் அது முற்றிக்கொண்டிருந்தது. ராத்திரி படுத்த பிறகும் குடைய ஆரம்பித்தபோது எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்றும் இல்லை என்றார்கள். அந்த வார்த்தையை நம்பி மறுபடி ஓடினேன். மண்டலப் போட்டிக்கு ஒன்பது நாள் முன்னால், வளைவில் திரும்பும்போது அந்த 'டிக்'. இரண்டாவது எக்ஸ்ரேயில் கோடு தெரிந்தது. எலும்பில் வரும் அழுத்த விரிசல் முதல் இரண்டு, மூன்று வாரம் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது என்பதும், எம்.ஆர்.ஐ. ஸ்கேனில்தான் சீக்கிரம் தெரியும் என்பதும் படித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த வருட ஓட்டம் போயிற்று. அடுத்த வருடம் பிளஸ் டூ என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அத்தோடு சரி.

அதனால் இதை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள். நீளமாகப் பரவி, விரலால் தடவினால் ஒரு சாணுக்கு வலித்து, ஓய்வெடுத்தால் அடங்குகிற வலி இப்போது உனக்கு இருப்பது. அது ஆறும். ஒரே புள்ளியில் குவிந்து நிற்கும் வலி, தூக்கத்தில் எழுப்பும் வலி, வெறுமனே நடந்தாலே வரும் வலி, அந்த இடத்தில் தடிப்பு, அல்லது எலும்பின் முன்பக்க நடுமுனையில் குத்துவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரிடம் போக வேண்டும். பயிற்சியின்போது கெண்டைக்கால் கல் மாதிரி இறுகிப் பாதம் மரத்துப்போனாலும் அப்படித்தான். முன்பக்க நடுவில் வரும் விரிசல் லேசில் கூடாது, அதனால்தான் அதைத் தனியாகச் சொல்கிறேன். எம்பிக் குதித்துச் சோதித்துப் பார்க்கிறேன் என்று நீயாக இறங்காதே.

நேற்று நான் அழுத்தியபோது உனக்குப் புள்ளி வலி எதுவும் இல்லை. இருந்தாலும் வருகிற சனிக்கிழமை என் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு தடவை பார்க்கட்டும், அதற்கு நான் சொல்லிவிட்டேன். அதுவரை குதிப்பதும் ஓடுவதும் இல்லை.

இதைப் படித்ததும் உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். செலக்‌ஷனுக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது என்பாய். ஆனால் ஜிம்னாஸ்டிக்ஸில் காலுக்கு வேலையில்லாமல் எவ்வளவு இருக்கிறது என்று யோசித்துப் பார். ஹேண்ட்ஸ்டாண்ட் உனக்கு இன்னும் எட்டு வினாடிக்குமேல் நிற்பதில்லை. பார்ஸில் தொங்கிச் செய்யும் அத்தனையும் செய்யலாம், டிஸ்மவுன்ட்டில் குதிக்காமல் கோச் கைபிடித்து இறக்கிவிட்டால் போதும். ஸ்ப்ளிட், வயிற்றுப் பயிற்சி, தோள், பீம்மேல் கை அசைவுகள், ஃப்ளோர் இசைக்கு நடந்துகொண்டே ஆடிப் பழகுவது எல்லாம் உண்டு. ஆறு வாரத்தில் உன் ஹேண்ட்ஸ்டாண்டை அரை நிமிடத்துக்குக் கொண்டுவந்தால், காலைக் காப்பாற்றியதோடு ஒரு புது வித்தையும் கைவந்த மாதிரி.

வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சாயங்காலம் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வலிக்கும் நீளத்துக்குக் கால் மணி நேரம் வைத்துக்கொள், வெறும் தோலில் வைக்காதே. படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, குதிகாலை மெதுவாகத் தூக்கி, மூன்று எண்ணி மெதுவாக இறக்கு. முதலில் முழங்கால் நேராக, பிறகு லேசாக மடக்கி. மடக்கிச் செய்யும்போதுதான் எலும்பை ஒட்டியிருக்கும் உள்சதைக்கு வேலை. சுவரில் முதுகைச் சாய்த்து, குதிகால் தரையில் இருக்க முன்பாதத்தை மட்டும் மேலே தூக்கி இறக்குவது இன்னொன்று. இவற்றில் கால் சோர்வு வரலாம், எலும்பில் வலி வரக்கூடாது. வந்தால் அன்றைக்கு விட்டுவிடு.

தொட்டியடியில் நீ எழுந்து போனபோது சிமென்டில் உன் ஈரப் பாதம் பதிந்திருந்தது. நடுவில் வளைவே இல்லாமல் முழுப் பாதமும் பதிந்திருந்தது. தட்டைப் பாதத்துக்கு இந்த வலி கொஞ்சம் சுலபமாக வரும். அதற்கு ஒரு பயிற்சி, செலவில்லாதது. வீட்டில் பனியன் வேஸ்ட் துணி மூட்டையாகக் கிடக்கிறதே, அதில் ஒரு துண்டை எடுத்துத் தரையில் விரித்து, நாற்காலியில் உட்கார்ந்து, கால் விரல்களாலேயே அதைச் சுருட்டிச் சுருட்டி உன் பக்கம் இழு. குதிகால் நகரக்கூடாது. முழுத்துணியும் விரலடியில் வந்ததும் திரும்ப விரி. ஒரு காலுக்குப் பத்து தடவை. முதல் நாள் பாதத்தின் அடியில் பிடித்துக்கொள்ளும், பயப்படாதே.

தட்டைப் பாதம் என்றதும் உனக்குத் தீபா கர்மாகர் நினைவுக்கு வந்திருப்பார். உன் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறாயே. ஆறு வயதில் அகர்தலாவில் பழக வந்தபோது அவருக்கும் தட்டைப் பாதம்தான். ஜிம்னாஸ்டிக்ஸுக்கு அது பெரிய குறை என்று தெரிந்தும் பயிற்சியாளர் விஸ்வேஸ்வர் நந்தி விடாமல் உழைத்து வளைவு வர வைத்தார். 2016-ல் ரியோவில், ஒலிம்பிக்கில் ஆடிய முதல் இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனையாக வால்ட் இறுதியில் 15.066 எடுத்து நாலாவது வந்தார், வெண்கலத்துக்கு 0.150 குறைவு. அது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீ ஒட்டி வைக்க வேண்டும் என்பேன். 2017-ல் முழங்கால் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை. ஒரு வருடத்துக்குமேல் போட்டி இல்லை. 2018-ல் துருக்கியின் மெர்சினில் திரும்ப வந்து வால்ட்டில் தங்கம். 2024 மே மாதம் தாஷ்கண்டில் ஆசிய சாம்பியன்ஷிப்பில் மறுபடி வால்ட் தங்கம், அப்போது அவருக்கு வயது 30. அந்த அக்டோபரில்தான் ஓய்வை அறிவித்தார். உனக்கு இப்போது 13. உலக அளவில் பெண்கள் சீனியர் பிரிவில் ஆடுவதற்கே அந்த வருடம் 16 நிறைய வேண்டும் என்று 1997 முதல் விதி இருக்கிறது. உஸ்பெகிஸ்தானின் ஒக்ஸானா சுசோவிட்டினா டோக்கியோவில் தன் எட்டாவது ஒலிம்பிக்கில் ஆடியபோது அவருக்கு 46. உன் ஆறு வாரத்தை இந்த வருடங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்.

இன்னொரு வீடியோவும் உனக்கு யாராவது அனுப்பியிருப்பார்கள். 1996-ல் அட்லாண்டாவில் அமெரிக்காவின் கெர்ரி ஸ்ட்ரக் முதல் தாவலில் கணுக்காலைக் காயப்படுத்திக்கொண்டு, இரண்டாவதாக மறுபடி ஓடி வந்து தாவி, ஒற்றைக் காலில் நின்று, பிறகு சரிந்து விழுவார். அணிக்குத் தங்கம். பார்க்கும்போது எனக்கும் கண் கலங்கும். ஆனால் அந்த வீடியோ முடிந்த பிறகு நடந்ததை யாரும் அனுப்புவதில்லை. எல்லாப் புள்ளியும் வந்த பிறகு கணக்குப் பார்த்தால், அந்த இரண்டாவது தாவல் இல்லாமலே அமெரிக்காவுக்குத் தங்கம் வந்திருக்கும். அந்தப் பெண்ணோ, தகுதி பெற்றிருந்த தனிநபர் இறுதிப் போட்டிகளில் ஆட முடியாமல் போனார். பதினெட்டு வயதுப் பிள்ளையை அந்த இடத்தில் தடுத்து நிறுத்த ஒரு பெரியவர்கூட முன்வரவில்லையே என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன், இதில் உன்மேல் எனக்கு வருத்தம் உண்டு. பந்தியில் அரிசிம்பருப்பு இரண்டு கரண்டிக்குமேல் வேண்டாம் என்று இலையை மறைத்தாய். எடை கூடினால் தாவ முடியாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உன் வயதில், வேகமாக உயரும் அந்த இரண்டு வருடத்தில், வாழ்நாளுக்கு வேண்டிய எலும்புக் கனத்தில் ஏறக்குறைய கால் பங்கு சேர்கிறது. அந்த நேரத்தில் வயிற்றைக் காயப்போட்டால் கட்டுவதற்குப் பொருள் எங்கிருந்து வரும்? 13 முதல் 15 வயதுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. 100 கிராம் ராகி மாவில் 350-க்குப் பக்கம் இருக்கிறது, ஒரு பெரிய டம்ளர் பாலில் 240 அளவில் கிடைக்கும். எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, தயிர், முட்டை எல்லாம் நம் வீட்டில் இருப்பதுதான். ராகிக் களிக்கு முகம் சுளிக்காதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் வெயில் படும்படி மொட்டை மாடியில் உட்கார்ந்து படி. பவுடர், டானிக் என்று யார் எதைக் கொடுத்தாலும் வாங்காதே. தீபா கர்மாகரே தடை செய்யப்பட்ட ஒரு பொருள் உடம்பில் இருந்ததாக 21 மாதத் தடை வாங்கினார், எப்படி உள்ளே போனது என்றே தெரியாது என்றார்.

மாதவிலக்கு மூன்று மாதமாக வரவில்லை என்பதை நீ அம்மாயியிடம் மட்டும் சொல்லியிருக்கிறாய். அம்மாயி என்னிடம் சொன்னாள், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. சாப்பாடு குறைந்து உழைப்பு கூடும்போது உடம்பு முதலில் நிறுத்துவது அதைத்தான். அது நின்றால் எலும்புக்குக் கிடைக்க வேண்டிய காப்பும் குறையும். ஆரம்ப வருடங்களில் முன்னே பின்னே ஆவது சகஜம்தான், ஆனாலும் காலும் வலித்து இதுவும் நின்றிருந்தால் இரண்டையும் சேர்த்துத்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பேசுவதற்குக் கூச்சமாக இருந்தால் நான் பேசுகிறேன், நீ பக்கத்தில் இரு.

வலி மாத்திரையைப் பயிற்சிக்கு முன்னால் போடவே கூடாது. பெருமாநல்லூர்ப் பக்கம் யாரிடமோ கூட்டிப்போய் நீவிவிடலாம் என்று உங்கப்பா சொன்னதும் காதில் விழுந்தது. கெண்டைச்சதையை எண்ணெய் விட்டு மெதுவாக நீவிக்கொள்வதில் தப்பில்லை, எலும்பின் ஓரத்தை அழுத்தி வழிப்பது வேண்டாம். முட்டை, உளுந்துமாவுப் பத்துப் போட்டுக் கட்டிவிட்டால் வலி எங்கே குவிகிறது என்பதையே நாம் பார்க்க முடியாமல் போகும்.

டாக்டர் சரியென்ற பிறகு திரும்ப வருவதற்கும் ஒரு கணக்கு வேண்டும். உங்கம்மா செக்கிங்கில் பீஸ் கணக்கு எழுதும் சின்ன நோட்டு போல ஒன்று வாங்கிக்கொள். அரை மணி நேரம் வேகமாக நடந்தும் வலி இல்லாமல் ஒரு வாரம் போனால், முதல் நாள் இரண்டு மேட் அடுக்கி அதன்மேல் சின்னக் குதி இருபது மட்டும். எண்ணி எழுது. மறுநாள் காலையில் படுக்கையிலிருந்து கால் ஊன்றும்போது எப்படி இருந்தது என்றும் எழுது. அந்தக் காலை நேரம்தான் உண்மை சொல்லும், பயிற்சி நேரத்தில் உடம்பு சூட்டில் வலி ஒளிந்துகொள்ளும். ஒரு நாள் விட்டு ஒரு நாள். காலையில் வலி இல்லையென்றால் இருபது முப்பதாகலாம், இருந்தால் இருபதிலேயே நில். ஓடி வந்து தாவுவதும் ஃப்ளோரில் தொடர்ச்சியாகப் போடுவதும் கடைசியில். சிலருக்கு மூன்று, நாலு வாரத்தில் சரியாகிவிடும், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும். பள்ளிக்கு ரப்பர் செருப்பில் நடக்காதே. அடி மெத்தென்று இருக்கும் ஷூ ஒன்று நான் வாங்கி வருகிறேன்.

கோச்சைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் கெட்டவர் இல்லை. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனி ஆளாக நிற்கிறார். யார் வாய் திறக்கிறார்களோ அவர்கள் வலிதான் அவருக்குத் தெரியும். "கால் வலிக்குதுங் சார்" என்று மொட்டையாகச் சொன்னால் எல்லோருக்கும் இப்படித்தான் என்பார். இப்படிச் சொல்லிப் பார்: "சார், ரெண்டு காலிலும் இந்த இடத்துல, நாலு வாரமா வலிங். படி எறங்கறப்ப வலிக்குதுங். சனிக்கிழமை டாக்டர்ட்ட போறேன். அதுவரைக்கும் பார்ஸும் ஹேண்ட்ஸ்டாண்டும் மட்டும் பண்றேனுங்." இடம், நாள், என்ன செய்யப்போகிறாய் என்ற மூன்றும் அதில் இருக்கிறது. அப்படியும் குதிக்கச் சொன்னால் அன்றைக்கே எனக்குப் போன் பண்ணு. மீதியை நான் பேசிக்கொள்கிறேன்.

உங்கம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு நீ தலையைக் குனிந்துகொண்டாய். எனக்குப் புரிகிறது. அண்ணி ஒன்றரை ஷிப்ட் நின்றுவிட்டு வரும்போது அவள் காலில் நரம்பு புடைத்திருப்பதை நீ தினமும் பார்க்கிறாய். அவள் ஒரு நாளும் வலி என்று சொன்னதில்லை. சொன்னால் ஷிப்ட் போகும், ஷிப்ட் போனால் சனிக்கிழமைச் சம்பளத்தில் குறையும். எங்கம்மாவும் அப்படித்தான், நானும் 16 வயதில் அப்படித்தான் இருந்தேன். வலியை வாயில் போட்டு மென்று விழுங்குவதை நம் வீட்டுப் பெண்கள் பெருமையாகவே பழகிவிட்டோம். அண்ணிக்கு வேறு வழியில்லாமல் போனது. உனக்கு ஆறு வாரம் கால் ஓய்ந்தால் யாருடைய கூலியும் குறையப்போவதில்லை கண்ணு. அவள் இத்தனை வருடம் நின்றது, நீயும் அவளைப் போல மறைத்துக்கொண்டு நிற்பதற்காக இல்லை. அவளிடம் சொல். உன் கால் வலியைச் சொல்லும்போது அவள் காலையும் கொஞ்சம் பார். அவளையும் சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வா, அந்த நரம்பை நான் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு அரை நாள் லீவுக்கு நான் அண்ணனிடம் பேசிவிட்டேன்.

நாளைக்கு ராத்திரி அண்ணி வேலை முடிந்து வந்து கை கால் கழுவி உட்கார்ந்ததும் சொல்லிவிடு. ஒன்பது மணிக்கு நான் கூப்பிடுவேன். முதலில் உன்னிடம் பேச மாட்டேன், போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்வேன்.

அன்புடன்,
அத்தை